'ஷெஃப் த மிசியோன்': என் பரிந்துரை 'நாட்டணிப் பொறுப்பாளர்'

வணக்கம். ஒலிம்பிக் போன்ற போட்டிகளுக்குப் போகும் ஒரு நாட்டின் மொத்த அணிக்கும் பொறுப்பானவரைப் பிரெஞ்சில் 'ஷெஃப் த மிசியோன்' என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஒருவர் சொன்ன யோசனை இது:

> 'அணித்தலைவர்' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறு ஆளாகப் புரியும். பாரிஸ் 2024-இல் நம் ஹாக்கி அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங். தொடக்க விழாவில் கொடி பிடித்தவர்கள் சிந்துவும் சரத் கமலும். நாம் பெயர் தேடும் பொறுப்பில் இருந்தவரோ ககன் நரங். மூன்றும் மூன்று வேலை.

இவர் செய்வது என்ன? வீரரைத் தேர்ந்தெடுப்பது அந்தந்த விளையாட்டின் தேசியக் கூட்டமைப்பு. ஆனால் ஒலிம்பிக்கில் பெயர் கொடுக்கும் உரிமை தேசிய ஒலிம்பிக் குழுவுக்குத்தான்; நமக்கு அது இந்திய ஒலிம்பிக் சங்கம். அது இடைநீக்கத்தில் இருந்ததால் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் நடந்தார்கள். இன்று நினைத்தாலும் மனம் வலிக்கிறது.

அந்தச் சங்கத்தின் சார்பில் போட்டி நடக்கும் ஊரில் நிற்பவர் இவர். ஒலிம்பிக் கிராமத்தில் அணி குடியேறுமுன் அமைப்பாளர்களோடு உட்கார்ந்து, யார் எந்தப் பிரிவில், எத்தனை அதிகாரிகளுக்கு அனுமதி அட்டை, எத்தனை படுக்கை என்று பட்டியலைப் பெயர் பெயராகச் சரிபார்க்க வேண்டும். அப்புறம் ஒருவருக்குக் காயம் என்றால் மாற்று வீரருக்கு அனுமதி கேட்பதும் இவர் தலையில்தான். பாரிசுக்குப் போன 117 வீரர்களுக்கும் இப்படி ஒருவரே பொறுப்பு.

'மேலாளர்' சரிவராது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி மேலாளர் உண்டு. 'தூதுக்குழுத் தலைவர்' என்றால் வெளியுறவுத் துறை நினைவு வரும். ஒலிபெயர்ப்பாகவே விடலாம் என்ற யோசனையும் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்குச் சரி. மற்றவர்களுக்கு இங்கே மிஷன் என்றால் மாதா கோயில் இருக்கும் மிஷன் வீதி. செஃப் என்றால் ஓட்டல் சமையல்காரர். கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் ஓடிப் பழகும் பிள்ளை செய்தித்தாளில் படித்ததும் பிடித்துக்கொள்கிற சொல் வேண்டும்.

'பொறுப்பாளர்' அப்படிப்பட்டது. கட்சியிலும் சங்கத்திலும் தினமும் புழங்குகிறது, பதவியைவிடக் கடமையை முன்னால் வைக்கிறது. 'நாட்டணி' என்பது எல்லா விளையாட்டையும் சேர்த்த மொத்த அணி. நாட்டணி மருத்துவர், நாட்டணிப் பட்டியல், துணைப் பொறுப்பாளர் என்று கிளைச்சொற்களும் தடையின்றி வரும். ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் இரண்டுக்கும் இதுவே பொருந்தும். தேசிய விளையாட்டுப் போட்டிகளில் புதுச்சேரி தனி அணியாக இறங்கும்போது மட்டும் 'புதுச்சேரி அணிப் பொறுப்பாளர்' என்று எழுதலாம்.

'நாட்டணி'யா, 'நாட்டு அணி'யா என்பதை இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.