ஆன்லைனில் 99 ரூபாய்க்குக் குதிரை: சிலேடை ஏன் எடுபடவில்லை?

மேடைமைக்:
பொங்கல் விழா மேடைக்கு மூன்று நிமிடத் துணுக்குத் தோரணம் வேண்டும். கரு, ஆன்லைனில் நம்பமுடியாத விலைக்கு வாங்கிய விலங்குகள். விழா மலரிலும் அச்சாகும். இதுவரை எழுதியவை:

"மலிவா ஒரு முயல் வாங்கினேன். எதுக்கும் முயலவே மாட்டேங்குது."
"99 ரூபாய்க்குக் குதிரை வாங்கினேன். பெட்டியைத் திறந்தா குதிக்குது."
"கிளி வாங்கினேன். பார்சல் மேல 'கிழி'ன்னு எழுதியிருந்தது."

சொல் விளையாட்டு இருக்கிறது, சிரிப்பு வரவில்லை. எங்கே பிழை?

சொல்லேர்:
முதல் இரண்டிலும் விலை சும்மா நிற்கிறது. 99ஐ எடுத்துவிட்டு 50,000 என்று போட்டாலும் துணுக்கு மாறாது. "இவ்வளவு மலிவா எப்படி?" என்பதுதான் கேட்பவர் மனத்தில் எழும் கேள்வி. சிலேடை அதற்கு விடையாக வரவேண்டும். அதற்கு, சொல்லின் இரண்டாவது பொருள் அந்த விலைக்கு உண்மையிலேயே கிடைக்கிற ஒன்றாக இருக்க வேண்டும்.

இதற்கென்றே அமைந்த சொல் 'கன்று'.

"நல்ல ஜாதிக் கன்னு, 60 ரூபாய்னு போட்டிருந்தான். கயிறு வாங்கினேன், கழுத்துக்கு மணி வாங்கினேன், கொல்லையில கொட்டகை போட்டேன். டெலிவரிக்கு வந்த பையன், 'குழி வெட்டிட்டீங்களா சார்?'ங்கிறான்."

நடுவரியைப் பாருங்கள். கயிறு, மணி, கொட்டகை மூன்றும் மாட்டுக்கு மட்டுமே பொருந்தும். அங்கே தண்ணீர், எரு என்று எழுதினால் செடிக்கும் பொருந்திவிடும். கூட்டம் முன்கூட்டியே கண்டுபிடித்துவிடும். 'தென்னங்கன்று' என்ற சொல்லை வாயால் சொல்லவே கூடாது. குழி என்றதும் அவர்களே போய்ச் சேரட்டும்.

குதிரையை விட மனமில்லை என்றால், வீணையில் தந்திகளைத் தாங்கும் பாகத்துக்கும் குதிரை என்றே பெயர். "குதிரை 400 ரூபாய். கொள்ளு ஊறவச்சுக் காத்திருந்தேன். உள்ளங்கையளவு பார்சல் வந்தது. போன் பண்ணினா, 'உங்க வீணைக்குச் சரியா உட்காருதா?'ன்னு கேட்கிறான்." சபையில் பாட்டு வாத்தியார்கள் இருந்தால் இது பிரமாதமாகப் போகும். இல்லையென்றால் வேண்டாம்.

நெல்லைத்தமிழ்:
கிளி, கிழி பற்றி. ழகரமும் ளகரமும் ஒன்றாக ஒலிக்கும் ஊர் மேடையில் மட்டுமே அது சிலேடை. அச்சில் இரண்டு எழுத்தும் தனித்தனியாகத் தெரிவதால் செத்துவிடும்.

இதற்கு நேர்மாறானது மாடு. "படத்தில் பார்த்தது மாடு, வந்தது மாடல்ல, மாடல்." மலரில் அழகாக இருக்கும். மேடையில் நாம் "மாடு இல்ல" என்றுதான் பேசுவோம், சிலேடை காணாமல் போகும். பிரித்துப் பொருள் கொள்ளும் சிலேடைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. பேச்சு வழக்கே கைகொடுக்கும் இடமும் இருக்கிறது. காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் 'நஞ்சிருக்கும்' என்று ஒரே சொல்லில் கட்டியது, 'நைந்து' என்பது வாயில் 'நஞ்சு' ஆவதால்தான்.

காதுக்கு ஒன்று: "ஆடித் தள்ளுபடியில வாங்கின ஆடு சார். நாலு அடி வச்சா ஆடித் தள்ளாடுது." இரண்டு 'ஆடி'யையும் ஒரே வேகத்தில் சொல்லுங்கள். தை மாத மேடை என்பதால் 'போன வருஷம்' என்று முன்னால் சேர்க்க வேண்டும்.

'முயலாமை' பக்கம் போகாதீர்கள், தேய்ந்த காசு. ஆமை வேண்டுமென்றால் விற்பவனின் கடிதத்தமிழில் ஒளித்து வையுங்கள்: "ஆமைக்குப் பணம் கட்டினேன். 'பொருள் இருப்பில் இல்லாமை'ன்னு பதில். ஆமை வந்துடுச்சு, பொருள்தான் வரல."

கானகத்தான்:
ஒரு விஷயம். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வாங்குவதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பலருக்கு இது தெரியாது. குழந்தைகளும் கேட்கிற மேடை, சும்மா வாங்கியதாகச் சொல்லி விட்டுவிட வேண்டாம். சட்டத்தையே துணுக்காக்கலாம்:

"பச்சைக்கிளி 500 ரூபாய், விலங்கு இலவசம்னு போட்டிருந்தான். மறுநாளே வனத்துறை வந்து கையில மாட்டிட்டாங்க."

மேடைமைக்:
நன்றி. கன்று, ஆடு, ஆமை, மாடல், விலங்கு என்று ஐந்தை எடுத்துக்கொள்கிறேன். வரிசை சரியா?

சொல்லேர்:
மாடலை மலருக்கு ஒதுக்குங்கள். கானகத்தான் சொன்னபடி ஆமையையும் அங்கேயே அச்சிட்டு, அடியில் சட்டத்தை ஒரு வரி போடுங்கள். மேடைக்கு ஆடு, கன்று, விலங்கு மூன்றும் போதும். ஆடு சின்னது, முதலில் போனால் காது பழகிவிடும். கன்றுக்கு ஒரு நிமிடம் முழுதாகக் கொடுங்கள், நடுவரியில் அவசரம் வேண்டாம். விலங்கில் 'கையில' என்ற சொல்லுக்கு முன் ஒரு மூச்சு நிறுத்துங்கள், பின்னால் நிறுத்தினால் கெட்டுவிடும்.