பழையாறிலிருந்து முத்துப்பேட்டை வரை: கூடாரமும் தூண்டிலுமாகப் போகிறவர்களுக்கு

கரையில் தங்கி மீன் பிடிக்க வருகிறவர்களுக்கு, ஊருக்கு ஒருவராக நாங்கள் சொல்வது இது. ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் அதைச் சொல்கிறவரின் ஊர்.

சீர்காழி

மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள், இடத்தைப் பிறகு தேடலாம். ஐப்பசியும் கார்த்திகையும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து வரும் காலம் அது. கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16. மார்கழிக் கடைசியில் மழை விட்டு, தை பிறந்ததும் கடல் மெல்ல அடங்கும். தையிலிருந்து பங்குனி வரை கரையில் நின்று வீசுகிறவர்களுக்கு நல்ல காலம்.

நம் கரையில் மீனை ஆட்டி வைப்பது ஆற்றுத் தண்ணீர். மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். அணை நிரம்பி உபரி நீர் வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திருப்பிவிடுவார்கள். அந்த வெள்ளம் பழையாறு முகத்துவாரத்துக்கு வந்துவிட்டால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடலாம். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வந்து லைனில் தொங்கும், 100 கிராம் ஈயம்கூட தரையில் நிற்காது. மீனும் உப்பைத் தேடி வெளியே போயிருக்கும். வெள்ளம் வடிந்து, செந்தண்ணீரில் பச்சை கலக்க ஆரம்பிக்கும் நாட்களைப் பிடியுங்கள். மடவை மீனும் இறாலும் ஆற்று வாய்க்குள் ஏற, அதன் பின்னால் பெரிய மீன்களான கொடுவாவும் காலாவும் வரும்.

கோடையில் சின்ன ஆறுகளின் வாய் மணலால் அடைத்துக்கொள்ளும். பூம்புகாரில் காவிரி கடல் சேரும் இடத்தையே சித்திரையில் போய்ப் பாருங்கள், ஆறு எங்கே என்று கேட்கத் தோன்றும். அடைத்த வாயில் நேரத்தை வீணாக்காமல் திறந்திருக்கும் வாயாகத் தேடிப் போவது நல்லது. ஆடி அமாவாசை, தை அமாவாசை இரண்டு நாளும் பூம்புகாரிலும் வேதாரண்யம், கோடியக்கரையிலும் நீராட வரும் கூட்டம் நெருக்கியடிக்கும். அன்று அங்கே தூண்டில் முள்ளைக் கையில் எடுக்கவே கூடாது.

முகத்துவாரத்தில் நிற்பது பற்றி ஒன்று. கடல் வற்றி, வற்றுநீர் வெளியேறும் நேரத்தில்தான் மீன் கடிக்கும், ஆளை நீர் இழுத்துக்கொண்டு போவதும் அப்போதுதான். வாயின் ஓரத்து மணலை நீரோட்டம் அடியில் அரித்துக்கொண்டே இருக்கும்; மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் மொத்தமாகச் சரியும். ஈரக் கரையிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் நில்லுங்கள். முழங்கால் அளவுதானே என்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்து கடக்கவே கூடாது. நீச்சல் தெரிந்தவர்களுக்கும் இதேதான்.

காரைக்கால்

பாதை சுலபம். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29-இல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும். அந்த நாட்களில் நாகைச் சாலையில் நடைப்பயணமாக வருகிறவர்கள் இரவெல்லாம் போய்க்கொண்டே இருப்பார்கள், வண்டி வேகம் எடுக்காது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நண்பர்களோடு வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது ஒரே விஷயத்தில். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. இங்கே வாங்கும் மதுபாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் வழக்கு. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர், இரண்டு சோதனைச் சாவடியிலும் டிக்கியைத் திறந்து பார்ப்பார்கள். ஒரு பாட்டிலுக்காக வண்டியையே பறிகொடுத்தவர்கள் உண்டு. குடித்துவிட்டு முகத்துவாரத்தில் நிற்க நினைத்தால், அங்கே மணல் சரிவதைப் பற்றிச் சீர்காழிக்காரர் மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

ஐஸை மளிகைக்கடையில் தேட வேண்டாம். பழையாறு, நாகை மீன்பிடித் துறைமுகங்களை ஒட்டிய ஐஸ் கம்பெனிகளில் பார் ஐஸை (பெரிய ஐஸ் கட்டி) உடைத்து வாங்கலாம். மீன் எத்தனை கிலோவோ அத்தனை கிலோ ஐஸ். இந்த வெயிலுக்கு அதற்குக் குறைந்தால் போதாது. பிடித்தவுடன் ஐஸும் கொஞ்சம் கடல்நீரும் கலந்த பெட்டியில் போட்டால் சீக்கிரம் குளிரும். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை வகைகளை இரண்டு மணி நேரம் வெயிலில் விட்டுவிட்டுப் பிறகு ஐஸில் வைத்துப் பயனில்லை. அதற்குள் உண்டாகும் நஞ்சு, கொதிக்க வைத்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலைவலிப்பது அதனால்தான்.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் சீர்காழியிலோ நாகையிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். கடலோரத்துக் கைப்பம்பு பல இடங்களில் உவர்ப்பு.

நாகை

சாமான் பத்திச் சொல்றேன். கடையில விக்கிற 7 அடி ராடைத் (தூண்டில் கம்பு) தூக்கிட்டு வந்து, அலைக்கு அந்தப் பக்கம் விழலையேன்னு வருத்தப்படுறவங்க நிறைய. நாகையிலேர்ந்து வேதாரண்யம் வரைக்கும் திறந்த கடல். அலை உடையுற இடத்தைத் தாண்டணும்னா 12 அடி ராடு, 5000 இல்லைன்னா 6000 சைஸ் ரீல், 30 பவுண்டு தாங்குற பிரெய்டு (பின்னல் நூல்) 250 மீட்டர். ஈயம் 80-லேர்ந்து 120 கிராம்.

இங்கதான் பல பேர் தப்பு பண்றாங்க. பிரெய்டுலயே நேரா ஈயத்தைக் கட்டி வீசுவாங்க. வீசுற வேகத்துல பிரெய்டு அறுந்து, ஈயம் துப்பாக்கிக் குண்டா பறக்கும். பக்கத்துல நிக்கிறவன் தலைக்கு ஆபத்து. அதனால முன்னாடி கனமான தங்கூசி (ஒத்தை நைலான் நூல்) ஒரு துண்டு கட்டணும், அதுதான் லீடர். கணக்கு இதுதான்: ஈயம் ஒரு அவுன்ஸுக்கு 10 பவுண்டு. 120 கிராம்னா 4 அவுன்ஸுக்குக் கொஞ்சம் மேல, அப்ப 50 பவுண்டு லீடர் போட்டுக்கலாம். நீளம் ராடைப் போல ரெண்டு மடங்கு, 7 மீட்டருக்குக் குறையக் கூடாது. வீசத் தயாரா நிக்கும்போது ரீல்ல லீடர் நாலஞ்சு சுத்து இருக்கணும். பிரெய்டும் லீடரும் சேர்ற இடத்துல எஃப்ஜி-ன்னு ஒரு மெல்லிசான முடிச்சு. அது வரலைன்னா இரட்டை யூனி முடிச்சு போதும், ஆனா அது ராடு வளையத்துல தட்டும், வீச்சு கொஞ்சம் குறையும். இறுக்கும்போது எச்சில் தொட்டு இறுக்குங்க. உலர்ந்து இறுக்கினா உரசல் சூட்டுலயே தங்கூசி பலம் போயிடும்.

மணல் தரைக்கு ஓடுற ஈயம் நல்லது. ஈயம் லீடர்ல தாராளமா ஓடணும், கீழ ஒரு பாசிமணி, அப்புறம் சுவிவல் (சுழலுற இணைப்பு வளையம்), அப்புறம் முக்கால் மீட்டர் துண்டுல முள். மீன் இழுக்கும்போது ஈயத்தோட பாரம் தெரியாது, துப்பாது. நீரோட்டம் பக்கவாட்டுல இழுத்து லைன் வளைஞ்சு போச்சுன்னா மணலைப் பிடிச்சுக்கிற மாதிரி கம்பி வச்ச ஈயத்துக்கு மாறுங்க. கனத்தைக் கூட்டிக்கிட்டே போறது ராடுக்கு நல்லதில்ல.

முள் வட்ட முள்ளா இருக்கட்டும், சைஸ் 3/0 இல்லைன்னா 4/0. இதுக்கு வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. மீன் இழுத்துட்டு ஓட விட்டு, மெதுவா ரீலைச் சுத்தினா தானா வாயோரத்துல மாட்டும். வெடுக்குன்னு இழுத்தா வாயிலேர்ந்து வெளிய வந்துடும். பழக்கம் மாற நேரம் எடுக்கும், பொறுமையா இருங்க.

எல்லாரும் தூரமா வீசுறதிலேயே குறியா இருக்காங்க. கிழங்கான் மீன் இருக்கிறது உங்க காலுக்கு முன்னாடி! முதல் அலை உடையுற இடத்துக்கும் கரைக்கும் நடுவுல ஒரு பள்ளம் ஓடும், 15 மீட்டர்தான். சின்ன முள், 20 கிராம் ஈயம், தோலுரிச்ச இறால் துண்டு சுண்டுவிரல் நகம் அளவு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி போட்டா, அஞ்சு பேர் குழம்புக்கு ஆகிடும். பெரிய இறாலை அப்படியே மாட்டினா கீச்சான் மீனும் நண்டும் உரிச்சுத் தின்னுட்டுப் போகும். தூண்டில் சும்மாவே கிடக்கும், உங்களுக்குத் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பாருங்க.

கொடுவாவுக்கு உயிர் மடவை, உள்ளங்கை நீளம், மேல் உதட்டுல மாட்டணும். லீடர் 50 பவுண்டுக்குக் குறைஞ்சா செவுள் மூடி பிளேடு மாதிரி அறுத்துடும். கையையும் அறுக்கும். அதனால செவுளுக்குள்ள விரல் விடாம, கீழ் உதட்டை லிப் கிரிப்பால (உதட்டைப் பிடிக்கிற இடுக்கி) பிடிச்சுத் தூக்குங்க.

வீடு வந்ததும் ரீலை நல்ல தண்ணியில லேசா நனைச்சுத் துடைங்க. கார் கழுவுற பைப்பை வச்சு அடிச்சா உப்பு பேரிங்குக்குள்ள போய் உக்காந்துக்கும்.

தரங்கம்பாடி

கூடாரம் போடுவதற்கு முன் ஊரைக் கேளுங்கள். காலி மணலாகத் தெரிகிற இடம் எதுவும் காலி இல்லை. எந்தக் குப்பம் என்று விசாரித்து, ஊர்ப் பஞ்சாயத்தாரில் ஒருவரைப் பார்த்து, எத்தனை பேர், எத்தனை இரவு என்று சொல்லிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். "ஐயா, எங்க போட்டா உங்க வேலைக்கு இடைஞ்சல் இல்லை?" என்று கேட்டால் நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள். படகு இறங்கும் தடத்தில் கூடாரம் போட்டால் விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி நகர்த்தச் சொல்வார்கள், அது அவர்கள் உரிமை. கரைவலை இழுக்கிற நேரத்தில் அந்த வளைவுக்குள் தூண்டில் வீசவே கூடாது. ஒரு முள் வலையைக் கிழித்தால் அன்றைய கூலி போயிற்று.

மணலில் கடையில் கொடுக்கும் முளைக்குச்சி நிற்காது. பழைய சிமெண்டுச் சாக்கில் பாதி மணல் நிரப்பி, வாயைக் கயிற்றால் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே மிதித்து மூடுங்கள். நாலு மூலைக்கு நாலு, காற்றுவரும் பக்கம் கூடுதலாக இரண்டு. தையில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும். பனி அதிகம், மேல் விரிப்பு இல்லாமல் படுத்தால் விடிவதற்குள் போர்வை நனைந்துவிடும். கடல்பாசியும் குப்பையும் வரிசையாக ஒதுங்கிய கோடு எங்கே இருக்கிறதோ, அதற்கு மேலே மணல்மேட்டின் பின்பக்கம் போடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் (கடல் ஏற்றம்) அந்தக் கோட்டையும் தாண்டும்.

தென்னை மரத்தடி வேண்டாம். சவுக்குத் தோப்பு குளிர்ச்சிதான், ஆனால் பெரும்பாலும் வனத்துறையுடையது அல்லது தனியாருடையது. அனுமதி கிடைத்தாலும் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது. சருகு பெட்ரோல் போலப் பற்றும். மணலில் சமைத்தால் தணலை மணல் போட்டு மூடாதீர்கள். மணலுக்குள் தணல் மறுநாள் வரை சூடாகவே இருக்கும், வெறுங்காலோடு வருகிற பிள்ளை மிதிக்கும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பாருங்கள்.

கூடாரத்து ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும். வயலும் புதரும் அடுத்திருக்கும் மண்ணில் கட்டுவிரியன் இரவில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமல் இருக்கலாம். காலையில் இமை தூக்க முடியவில்லை, வயிறு வலிக்கிறது என்றால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

வண்டியைக் கடற்கரை மணலில் இறக்காதீர்கள். ஊர் மணல் பாதையிலேயே புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டாம், இன்னும் இறங்கும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்தின் முன் மணலைத் தோண்டி, தென்னை மட்டையைக் கொடுத்து இரண்டாவது கியரில் மெல்ல ஏற்றுங்கள். தார்ச்சாலை வந்ததும் திரும்பக் காற்றடிக்காமல் ஓட்டக் கூடாது.

வேதாரண்யம்

கோடியக்கரை 1967 முதல் வனவிலங்கு சரணாலயம், 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. உள்ளே கூடாரம், நெருப்பு, தூண்டில் எதுவும் கிடையாது. தங்க வேண்டுமானால் வனத்துறை விடுதிக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர் மீனவர்கள் வந்து கோடியக்கரையில் தங்கித் தொழில் செய்வார்கள். கரை முழுக்க வலையும் படகும்தான். அங்கே பொழுதுபோக்குக்கு இடம் தேடுவது சரியில்லை.

இலங்கை அருகே என்பதால் இரவில் டார்ச் வெளிச்சம் தெரிந்தாலே கடலோரக் காவல் குழுமம் வந்து விசாரிக்கும். ஆதார் கையில் இருக்கட்டும், பகலிலேயே அவர்கள் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் எண் 1093, கடலோரக் காவல்படை 1554.

தையிலிருந்து பங்குனி வரை பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்னும் கடலாமை) முட்டையிடக் கரையேறும். கூடாரத்திலிருந்து கடலை நோக்கி வெள்ளை விளக்கு வேண்டாம். சிவப்பு விளக்கு போதும், அதுவும் தேவைப்படும்போது மட்டும். வெளிச்சம் பார்த்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும், குஞ்சுகள் கடலை விட்டு நிலத்துப் பக்கம் ஊரும். தடத்தைப் பார்த்தால் மிதிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தூண்டிலில் உழுவை (கிட்டார் வடிவ மீன்) மாட்டினால் முள்ளுக்கு அருகே வெட்டி விட்டுவிடுங்கள். கடல் அட்டை, கடல் குதிரை கையில் இருந்தாலே குற்றம். பேத்தை மீன் மாட்டினால் எந்தக் கறிக்கும் ஆகாது. நஞ்சு ஈரலிலும் முட்டையிலும் அதிகம், சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

திருக்கை மணலில் புதைந்திருக்கும். தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையில் தேய்த்துக்கொண்டே போங்கள், அதிர்வு கேட்டு விலகிவிடும். திருக்கை, கெளுத்தி, ஓரா எது குத்தினாலும் கை பொறுக்கும் சூட்டில், 40 முதல் 45 டிகிரி வரை, தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள், வலி தணியும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு தெரியாது, அதனால் இன்னொருவர் கை விட்டுப் பார்க்கட்டும். மார்பிலோ வயிற்றிலோ முள் நின்றால் பிடுங்காமல் மருத்துவமனைக்கு. கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று முள். கால் செருப்பால் மிதித்துக் கழற்றாமல் இடுக்கியால் கழற்றுங்கள்.

முத்துப்பேட்டை

கோடியக்கரைக்கு மேற்கே வந்துவிட்டால் நாகைக்காரர் சொன்ன சாமான் உதவாது. இது பாக் நீரிணை, அலை சிறிது, ஆழம் குறைவு, தரை சேறு. 12 அடி ராடை வண்டியிலேயே விட்டுவிட்டு 7 அடி ராடு, 10 கிராம் ஈயம், தக்கை போதும். சேற்றில் கம்பி ஈயம் போட்டால் அப்படியே புதைந்துவிடும்.

அலையாத்திக் காட்டுக்குள் போகப் படகு ஜாம்பவானோடையிலிருந்து, வனத்துறை அனுமதியோடு. சேற்றில் இறங்காதீர்கள். இடுப்பு வரை போய்விட்டால் நின்றபடி காலை உருவ முடியாது. பின்னால் சாய்ந்து உடலைப் பரப்பி ஒவ்வொரு காலாக மெல்ல எடுக்க வேண்டும், கரையில் இருப்பவர் துடுப்பையோ பலகையையோ நீட்ட வேண்டும். வற்று நேரம் தெரியாமல் உள்ளே போன படகு அடுத்த ஏற்றம் வரை ஆறு மணி நேரம் தரையில் கிடக்கும். ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும், நேற்றைய நேரத்தை வைத்து இன்று கிளம்ப வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலம் தூண்டில்காரர்களுக்கும் உண்டா என்று கேட்பவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்கு. கரையில் நின்று தூண்டில் போடுவதை அது தடுக்காது. ஆனால் அந்த நாட்களில் விசைப்படகில் கடலுக்குள் அழைத்துப்போகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். இன்னும் மேற்கே போகிறவர்களுக்கு: தஞ்சாவூர், புதுக்கோட்டை கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகம். அங்கே கடல்புல் மேல் நங்கூரம் போடாமல் மணல் தரை பார்த்துப் போடச் சொல்லுங்கள்.