மாறிக்கு ‘நெல்’ என்று பெயர் வைத்தால் பிழை வருகிறது, அவசரம்

இரணைமடு: கமக்காரர் அமைப்பின் காலபோக நெற்செய்கைக் கணக்குக்குச் செய்நிரல் எழுதுகிறேன். மாறிக்கு (மதிப்பை வைத்திருக்கும் இடத்துக்கு) ‘நெல்’ என்று பெயர் வைத்தால் செல்லாத எழுத்து என்று நின்றுவிடுகிறது. ‘அ’ என்றால் ஓடுகிறது. நாளை கூட்டத்தில் காட்ட வேண்டும்.

மாங்குளத்தான்: எந்த மொழி தம்பி? அதைச் சொல்லாமல் என்ன பதில் சொல்வது?

பழைய தட்டச்சு: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டினீர்களா? யூனிகோடுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

மாங்குளத்தான்: பாமினியில் புள்ளி என்பது அரைப்புள்ளிக் குறி. அப்படியென்றால் பிழை வேறு மாதிரி வந்திருக்கும்.

வவுனியா வடக்கு: கைப்பேசியில் தட்டி ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து நுழைந்துவிடும். பிழை எந்த எழுத்தைச் சுட்டுகிறது?

நிரல்மூத்தவர்: மாறிப் பெயர் ஆங்கிலத்தில் என்பது முதல் வாரப் பாடம். படித்துவிட்டு வாருங்கள்.

முல்லை ஆசிரியை: அப்படி ஒரு விதி இல்லை ஐயா. 2008இல் வந்த பைதன் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. உயர்தர மாணவர்களுக்கு ‘விளைச்சல்’, ‘ஏக்கர்’ என்று வைத்துத்தான் கற்பிக்கிறேன். ஆங்கிலத்தில் இடறும் பிள்ளை கணக்கில் இடறுவதில்லை.

நிரல்மூத்தவர்: நாளை கொழும்பில் வேலைக்குப் போனால் பக்கத்து மேசைக்காரர் அதை எப்படி வாசிப்பார்?

முல்லை ஆசிரியை: இந்தச் செய்நிரலை நாளை திருத்தப்போவது கிளிநொச்சிப் பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு விளங்க வேண்டும்.

இரணைமடு: மொழி கோ (Go). பிழை ‘நெ’யின் கொம்பைச் சுட்டுகிறது.

மாங்குளத்தான்: இதுதான் வேண்டியிருந்தது. கோ மொழியில் பெயருக்குள் யூனிகோடு ‘எழுத்து’ என்று வகுத்தவை, இலக்கங்கள், கீழ்க்கோடு மட்டுமே வரலாம். ந, ல இரண்டும் எழுத்து. கொம்பும் புள்ளியும் ‘குறி’ வகை. அதனால் ‘பல’ ஓடும், ‘பால்’ ஓடாது. இந்திக்கும் இதே கதிதான். பைதன், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவை முதலெழுத்துக்குப் பின் குறிகளை ஏற்கும்; ரஸ்ட் 2021இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து ஏற்கிறது. பைதனிலும் எல்லாம் செல்லாது: தமிழ் இலக்கமான ௧ பெயரின் நடுவில் வரலாம், முதலில் வராது, பத்தைக் குறிக்கும் ௰ எங்குமே வராது. நீங்கள் மாறியை ரோமன் எழுத்தில் வையுங்கள். ‘நெல்’லை மேற்கோளுக்குள் இட்டு மேப்பின் (சொல்லோடு மதிப்பை இணைத்து வைக்கும் பட்டியலின்) திறவுச்சொல்லாக்குங்கள். மேற்கோளுக்குள் எந்தத் தடையும் இல்லை.

நிரல்மூத்தவர்: கடைசியில் நான் சொன்னதுதான்.

முல்லை ஆசிரியை: கோ மொழிக்கு மட்டும்.

இரணைமடு: மேப்பில் போட்டேன், ஓடுகிறது. நன்றி அண்ணா.