செயிண்ட் ஜார்ஜ் தேவாலயத்தில் கவனிக்க வேண்டியவை

கேள்வி: வணக்கம். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுன் லெபு பர்குவார் தெருவில் உள்ள செயிண்ட் ஜார்ஜ் ஆங்கிலிகன் தேவாலயத்திற்கு மகளை அழைத்துச் செல்லவிருக்கிறேன். வளாகத்திலுள்ள வட்ட மண்டபம், பினாங்கில் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் கல்லறையா?

பதில் 1: இல்லை, ஐயா. அது அந்தக் குடியேற்றத்தின் நூற்றாண்டையொட்டி 1886இல் எழுப்பப்பட்ட நினைவு மண்டபம். அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டிருப்பது பழைய புராட்டஸ்டன்ட் இடுகாட்டில்.

பதில் 2: 1818இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த ஆலயத்தின் வெண்தூண்களை வியந்து நிற்கும்போது, அவற்றை எழுப்ப உழைத்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள் என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள்; என்னைப் பொறுத்தவரை அங்கு முதலில் சொல்லப்பட வேண்டியது அதுதான். தொடக்கத்தில் தட்டையாக இருந்த கூரை, 1864இல்தான் இன்றுள்ள சரிவுக் கூரையாக மாற்றப்பட்டது.

கேட்டவர்: மிக்க நன்றி. இடுகாட்டிற்கும் சேர்த்தே செல்கிறோம்.