புதுப்பிப்பு: மாறுவேட விருந்துக்குப் பேய்க்கண் முட்டை

ஏற்காட்டில் பிள்ளைகளின் மாறுவேட விருந்துக்குப் பயமுறுத்தும் முட்டைப் பலகாரம் கேட்டிருந்தேன் அல்லவா? பாட்டில் கலர் வேண்டாம், பீட்ரூட் போதும் என்று சொன்ன அக்காவுக்குப் பெரிய நன்றி. அட்டகாசமாக வந்தது!

சேலத்திலேயே வாங்கிப்போன நாமக்கல் முட்டைதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும் என்பதால் கூடுதலாகச் சில நிமிடம் வேகவிட்டேன். அப்புறம் ஓட்டை உரிக்காமல் கரண்டியால் மெல்லத் தட்டி, சுற்றிலும் விரிசல் விழவைத்து, வினிகர் கலந்த பீட்ரூட் சாற்றில் போட்டு இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் உரித்தால், வெள்ளைக்கரு முழுக்கச் சிவப்பு நரம்பு!

பாதியாக வெட்டாதீர்கள், நரம்பெல்லாம் அடியில் மறைந்துவிடும். தலைப்பக்கம் மட்டும் சீவி, அடியையும் லேசாகச் சீவினால் தட்டில் நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸ், மிளகுத்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து நிரப்பி, நடுவில் கருப்பு திராட்சைத் துண்டு. முறைக்கிற கண் தயார்.

சில முட்டைகளைக் கெட்டியான டீ டிகாஷனிலும் ஊறவைத்தேன். பழுப்புச் சிலந்திவலை மாதிரி வந்தது. எனக்கு அதுதான் இன்னும் திகிலாகத் தெரிந்தது.

செய்யப்போகிறவர்களுக்கு: பரிமாறும்வரை குளிரிலேயே இருக்கட்டும். வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.