ஆம்னி உதறுகிறது: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு நாள்

செந்தில், காலை 6:40
மாமா, நம் ஆம்னி வேன் உதறுகிறது. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடிலிங் நிற்கவில்லை, சீட்டே ஆடுகிறது. பிக்கப்பும் இல்லை. அமாவாசைக்கு மேல்மலையனூர் போயாக வேண்டும்.

மணி மாமா, 6:52
மிஸ்ஸிங் அடிக்கிறது, பெட்ரோல் விட்டுவிட்டு எரிகிறது. சூடான பிறகும் இருக்கிறதா?

செந்தில், 6:53
கொஞ்சம் குறைகிறது. மழை பெய்த மறுநாள்தான் ரொம்ப அதிகம். மெக்கானிக் கார்ப்பரேட்டரை இறக்க வேண்டும் என்கிறார். மூவாயிரமாம்.

அப்பா, 6:58
97 மாடல் வண்டி. ஆடத்தான் செய்யும். விலைக்குக் கொடுத்துவிடலாம்.

ரேவதி அத்தை, 7:01
எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினீர்களா?

மணி மாமா, 7:05
ரேவதி, சும்மா இரு. செந்தில், கார்ப்பரேட்டரைத் தொடாதே. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவது அதுதான்; அதில் அழுக்கு என்றால் மூன்று சிலிண்டருக்கும் சேர்த்துத்தான் பட்டினி. நீ சொல்வது ஆட்டுக்கல்லை மூன்று பேர் தூக்கும்போது ஒருவன் கைவிட்ட மாதிரி. மழைக்கு மறுநாள் என்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு.

மணி மாமா, 7:09
முன் சீட்டைத் தூக்கு, எஞ்சின் அதன் அடியில்தான். பெட்ரோல் வாசனை அடித்தால் அங்கேயே நிறுத்து, முதலில் ஹோஸைப் பார். இல்லையென்றால் எஞ்சினை அணைத்துவிட்டு, சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் பிளக்குகளில் ஒன்றின் ஒயரைக் கழற்று. அதில் பழைய பிளக் ஒன்றை மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய். ஓடும்போது கை வைக்காதே, தூக்கி அடிக்கும். மூன்றையும் இப்படி ஒவ்வொன்றாகப் பார். எதைக் கழற்றினால் உதறல் கூடவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். ஒயரில் நம்பர் ஒட்டிக்கொள், இடம் மாறினால் எஞ்சின் தப்பான நேரத்தில் டப்பென்று வெடிக்கும்.

செந்தில், 8:30
இரண்டாவது! கழற்றினாலும் ஒரு வித்தியாசமும் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோலில் நனைந்து கறுப்பாக இருக்கிறது. மற்ற இரண்டும் பிஸ்கட் நிறம்.

மணி மாமா, 8:34
பார், பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. துடைத்துக் காயவைத்து முதலாவது பிளக்கோடு இடம் மாற்று.

அப்பா, 8:41
பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். அதன் வேலைதான்.

மணி மாமா, 8:44
எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், எல்லாம் சரி மச்சான். ஆனால் இரண்டாவது சிலிண்டரை மட்டும் தேடிப் போய்க் கெடுக்குமா?

செந்தில், 9:10
மாற்றினேன். இப்போதும் இரண்டாவதுதான்.

மணி மாமா, 9:12
அப்படியென்றால் பிளக் நல்ல பிளக். ஒயர், இல்லை மூன்று ஒயருக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப். இருட்டிய பிறகு லைட்டை அணைத்துவிட்டு, ஓடும் எஞ்சினைத் தள்ளி நின்று பார். கதவைத் திறந்து வை, இல்லையென்றால் புகை சேரும்.

அப்பா, மாலை 6:20
மூவாயிரம் மிச்சம் என்றால் எனக்கு ஒரு வேட்டி.

செந்தில், இரவு 7:35
மாமா!! இரண்டாவது ஒயரிலிருந்து இரும்புக்கு நீலப்பொறி பறக்கிறது. அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒயர் மேல் பல் தடம். எலி கடித்திருக்கிறது.

மணி மாமா, 7:37
நான் சொல்லவில்லை? ஈரத்தில் பொறி அந்த ஓட்டை வழியே ஓடிவிடுகிறது, பிளக்குக்குப் போவதே இல்லை. வண்டியில் தின்ன ஏதாவது போட்டு வைத்தால் எலி வராமல் என்ன செய்யும்? யார் வீட்டுப் பழக்கம் இது?

செந்தில், 7:44
பின் சீட்டுக்கு அடியில் ஒரு கடலை மூட்டை, மூலையில் ஓட்டையோடு. அம்மா தனக்குத் தெரியாது என்கிறாள்.

ரேவதி அத்தை, 7:46
அது நம் வீட்டுக் கடலைதான் செந்தில். செக்குக்கு அனுப்புகிறேன் என்று உங்கள் மாமா தீபாவளிக்கு முன்னால் ஏற்றினார்.

மணி மாமா, 7:47
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அப்பா, 7:48
😂😂😂

மணி மாமா, 8:15
மூன்று ஒயரையும் செட்டாக வாங்கிப் போடு. காசு நான் தருகிறேன்.

ரேவதி அத்தை, 8:16
கடலை மிச்சம் இருக்கிறதா?