காட்டு ஓரிகானோவுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

இரா. எழுதியது:
வணக்கம். கிரேக்க மலைச்சரிவுகளில் தானே வளரும் ஓரிகானோ என்னும் மணச்செடி பற்றிய சிறுநூலை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று இடங்களில் நிற்கிறேன்: செடியின் பெயர், அதிலுள்ள கார்வக்ரால் என்னும் வேதிப்பொருள், பாக்டீரியாவின் செல் சவ்வைக் கார்வக்ரால் குலைக்கும் தன்மை. கற்பூரவள்ளி என்று எழுதிவிடலாமா?

ந. எழுதியது:
வேண்டாம். கற்பூரவள்ளி இலையைக் கசக்கினால் வரும் நெடியிலும் கார்வக்ரால் உண்டு, இரண்டும் புதினாக் குடும்பம்தான். ஆனால் பேரினம் வேறு. ‘கியூபா ஓரிகானோ’ என்று கற்பூரவள்ளியை அழைப்பதால் வந்த குழப்பம் இது.

மா. எழுதியது:
ஏன் வெளியே தேடுகிறீர்கள்? கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரு, ஓரிகானோவின் பேரினமேதான். கிரேக்கத்தில் ‘ஓரோஸ்’ என்றால் மலை. ஆகவே மலைமரு. கார்வக்ராலும் நம்முடையதே: காரம், வக்கிரம். நாவை வளைக்கும் காரம்!

செ. எழுதியது:
ஐயா, வக்கிரம் வடசொல். உங்கள் தனித்தமிழ் வாசற்படியிலேயே வழுக்கிவிட்டது. ‘கார்வி’ சீமைச் சீரகம், ‘அக்ரிஸ்’ இலத்தீனில் காரமானது, ‘ஆல்’ பீனால் என்னும் வேதிவகைப் பெயரின் வால். கார்வக்ராலுக்கும் அதன் உறவுப் பீனாலான தைமாலுக்கும் ஒரே வாய்பாடு: கார்பன் 10, ஹைட்ரஜன் 14, ஆக்சிஜன் 1. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஹைட்ராக்சில் அமரும் இடம் மட்டும் வேறு. அதற்குள் எவ்வளவு மாற்றம்! நாட்டு மருந்துக் கடை ஓம உப்பு தைமால்தான், கண்ணாடிச் சில்லு போலிருக்கும். கார்வக்ரால் அறை வெப்பத்தில் எண்ணெய். ஒலிபெயர்ப்பே போதும்.

மா. எழுதியது:
ஓம உப்பு என்று பெயரிட்டவர் எந்தக் கலைச்சொல் குழுவைக் கேட்டார்?

செ. எழுதியது:
கேட்டிருக்கலாம். அது உப்பே அல்ல, பீனால்.

ந. எழுதியது:
வகுப்பில் மலைமரு என்று சொல்லிப் பார்த்தேன். “டீச்சர், கழுத்தில் வருமே, அந்த மருவா?” என்றான் ஒருவன். நீர்க்காத ஓரிகானோ எண்ணெய் தோலை எரிக்கும். மருவுக்கு மருந்தென்று யாராவது தடவிவிட்டால்? எண்ணெயோடு புணர்த்தினால் ‘மலைமருவெண்ணெய்’. வெண்ணெய் எங்கிருந்து வந்தது? இன்னொன்று, தயவுசெய்து ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று எழுதாதீர்கள். அது ஆன்டிபயாட்டிக்குக்கு வழங்கும் சொல். ஆய்வகத் தட்டில் பாக்டீரியா செத்ததால் நோயாளியின் உடம்பிலும் சாகும் என்று ஆகாது. ‘சவ்வுக்குலைப்பு’ போதும்.

இரா. எழுதியது:
கணக்குப் போட்டுவிட்டேன். காட்டு ஓரிகானோ, கார்வக்ரால், சவ்வுக்குலைப்பு. மூவர் சம்மதம், ஐயா மட்டும் மறுப்பு.

மா. எழுதியது:
மறுப்பு நிற்கட்டும். மரு முற்றியலுகரம், வகர உடம்படுமெய் வந்தே தீரும். வெண்ணெய்க்குப் பயந்து செடியைக் கைவிடுவதா? ‘மலைமருநெய்’ என்று எழுதுங்கள்.

செ. எழுதியது:
இப்போது நெய்யா?

இரா. எழுதியது:
ஐயா, அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் மரு இருக்கிறது.

மா. எழுதியது:
எத்தனையாம் பக்கம்?